அடிப்பிடிக்கும் நிக்கல்



இந்தச் சொற்பொழிவு அறக்கட்டளையை ஏற்படுத்தியவர்கள் பேச்சாளருக்கு இரண்டே நிபந்தனைகள் வைத்திருக்கிறார்கள். பேச்சு தமிழில் இருக்க வேண்டும். பேசுகிறவர் தன் கையால் செய்து பார்த்த ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டையும் நான் மனமார ஏற்றுக்கொண்டேன். ஆகவே, எனக்கு மிக நெருக்கமான ஒரு பொடியைக் கையோடு எடுத்து வந்திருக்கிறேன்.

மேசைமேல் இருக்கும் இந்தக் கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு சிட்டிகை கறுப்புப் பொடி இருக்கிறது. பார்ப்பதற்கு அடுப்புக்கரியை இடித்து வைத்ததுபோல் தெரியும். குப்பிக்கு வெளியே காந்தத்தை வைத்து நகர்த்தினால், காந்தம் போகும் பக்கமெல்லாம் பொடியும் போகும். அடுப்புக்கரியைக் காந்தம் இழுக்காது. இதை மட்டும் ஏன் இழுக்கிறது?

நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது நடந்தது இது. இரவு பத்து மணிக்கு அறைக்குத் திரும்பியபோது, உலைக்குள் 750 பாகை செல்சியசில் ஒரு மின்கலம் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வில்லை. அதன் ஒரு பக்கம் நிக்கல் கலந்த பீங்கான். அந்தப் பக்கத்துக்கு மீத்தேன் வாயு, தண்ணீர் நிரப்பிய குப்பி ஒன்றில் குமிழியிட்டு, கொஞ்சம் ஈரத்தை வாங்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. மறுபக்கம் காற்று. நள்ளிரவுக்குப் பிறகு எப்போதோ மின்சாரம் ஒரு நொடி போய் வந்திருக்கிறது. உலை தானாக மீண்டும் எரியத் தொடங்கியது. வாயு நிற்கவே இல்லை. கலத்திலிருந்து மின்னோட்டத்தை இழுக்கும் கருவி மட்டும் அணைந்தபடியே இருந்துவிட்டது.

காலையில் வந்து பார்த்தேன். மின்னழுத்தமானி 1 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. நல்ல கலம் காட்டும் எண் அது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பி, மின்னோட்டத்தை இழுத்தேன். அழுத்தம் சரிந்தது, பிறகு எழவேயில்லை. உலையை ஆறவிட்டுக் குழாயைக் கழற்றியபோது வில்லை வில்லையாக வரவில்லை. ஓரத்தில் பல் போன துண்டு ஒன்றும், அதோடு இந்தப் பொடியும் கொட்டின. மூன்று மாத உழைப்பு அது.

என்னை உறுத்தியது இழப்பு மட்டும் அல்ல. வேலை செய்துகொண்டிருந்த வரைக்கும் பல நாள் நலமாக இருந்த கலம், வேலை இல்லாமல் நின்ற ஒரே இரவில் தூளாகிவிட்டதே, அது ஏன் என்ற கேள்வி. அதற்கு விடை தேடிப் போனதில்தான் என் ஆராய்ச்சிக்கே திசை கிடைத்தது.

எரிபொருள் மின்கலம் என்பது எரிபொருளை நெருப்பில் கொளுத்தாமல், அதன் ஆற்றலை நேராக மின்சாரமாக எடுக்கும் ஏற்பாடு. 1839இல் வில்லியம் குரோவ் இதை முதலில் செய்து காட்டினார். வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில் பிறந்தவர், தொழிலால் வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதி. அவருடையது அமிலத்தில் நனைந்த பிளாட்டினக் கலம். நான் பேசுவது அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, 1937இல், சூரிச் நகரில் எமில் பவுரும் ஹான்ஸ் பிரைசும் ஓட்டிக் காட்டிய வகை. அதில் திரவமே கிடையாது. நடுவில் இருப்பது சிர்க்கோனியாப் பீங்கான். அதில் கொஞ்சம் இட்ரியம் ஆக்சைடைக் கலந்து சுட்டால், படிகத்துக்குள் ஆங்காங்கே ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடங்கள் காலியாகக் கிடக்கும். சட்டத்துக்குள் எண்கட்டைகளை நகர்த்தும் விளையாட்டில் காலிக் கட்டம் இருந்தால்தானே கட்டை நகரும்? அதேபோல, சூடு ஏறியதும் ஆக்சிஜன் அயனிகள் காலியிடத்துக்குக் காலியிடம் தாவி, காற்றுப் பக்கத்திலிருந்து எரிபொருள் பக்கத்துக்கு வந்து சேர்கின்றன. வந்த இடத்தில் எரிபொருளோடு சேர்ந்து, கொண்டுவந்த எலெக்ட்ரான்களை விட்டுவிடுகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியாக ஓடுவதுதான் நமக்குக் கிடைக்கும் மின்சாரம்.

இந்த வகைக் கலத்துக்கு ஒரு பெரிய நற்குணம் உண்டு. சுத்தமான ஹைட்ரஜன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காது. பயணம் செய்வது ஆக்சிஜன் என்பதால், எரிபொருள் பக்கத்தில் எரியக்கூடிய எதுவும் இருக்கலாம். இயற்கை எரிவாயு இருக்கலாம், சாண எரிவாயு இருக்கலாம். இரண்டிலும் முக்கியப் பொருள் மீத்தேன். ஜப்பானில் வீட்டு வாசலில் வைக்கும் 700 வாட் கலங்கள் நகரக் குழாய் எரிவாயுவில் ஓடுகின்றன. அமெரிக்காவில் பெரிய அலுவலகங்களின் பின்புறத்தில் நிற்கும் புளூம் நிறுவனத்தின் பெட்டிகளும் இயற்கை எரிவாயுவில்தான் ஓடுகின்றன. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய கே. ஆர். ஸ்ரீதர் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்தவர்.

மீத்தேன் எளிதில் உடைகிற மூலக்கூறு அல்ல. ஒரு கார்பனை நான்கு ஹைட்ரஜன் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும். முதல் பிடியை விடுவிக்கவே ஒரு மோலுக்கு 439 கிலோஜூல் வேண்டும். அந்தப் பிடியை மலிவாக, வேகமாக, சலிக்காமல் தளர்த்துகிற உலோகம் நிக்கல். எலெக்ட்ரானையும் அது கடத்தும். உருகுநிலை 1455 பாகை என்பதால் கலத்தின் சூட்டையும் தாங்கும். பிளாட்டினத்தோடு ஒப்பிட்டால் விலை சொற்பம். ஆகவே, நிக்கல் பொடியையும் சிர்க்கோனியாப் பொடியையும் கலந்து, துளைகள் விட்டுச் சுட்டு, எரிபொருள் பக்க மின்வாயாக வைக்கிறோம். ஆய்வகத்தில் இதை ஆனோடு என்போம். நானும் இனி அப்படியே சொல்கிறேன்.

நிக்கலும் கரியும் எரிபொருள் கலமும் முதன்முதலில் ஒரே கூரையின்கீழ் சந்தித்த கதை ஒன்று உண்டு. வேதியியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் அது. நேரம் எடுத்துக்கொண்டே சொல்கிறேன்.

லுட்விக் மாண்ட் ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் சோடா உப்பு ஆலை நடத்தியவர். 1880களில் அவருக்கு ஒரு யோசனை. சோடா செய்யும்போது மிஞ்சுகிற அம்மோனியம் குளோரைடிலிருந்து குளோரினைப் பிரித்தெடுக்க வேண்டும். அம்மோனியம் குளோரைடின் ஆவி கொடிய அரிப்புத் தன்மை உள்ளது. எந்த உலோகத்தில் வால்வு செய்வது? சோதனைச்சாலையில் பார்த்ததில் நிக்கல் அசையாமல் தாங்கியது. ஆலையிலும் நிக்கல் வால்வுகளே பொருத்தினார்கள். சில நாளில் அவை ஒழுகின. கழற்றிப் பார்த்தால், வால்வின்மேல் கறுப்பாக ஒரு படலம். சோதித்தார்கள். கரி!

அம்மோனியம் குளோரைடில் கார்பனே கிடையாது. அப்படியானால் கரி எங்கிருந்து வந்தது? அம்மோனியாவை விரட்டுவதற்காக ஆலையில் செலுத்திய கார்பன் டையாக்சைடில் மிகச் சொற்பமாகக் கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தது. சோதனைச்சாலையில் பயன்படுத்திய வாயுவில் அது இல்லை. அந்தச் சொற்பத்தைத்தான் நிக்கல் பிடித்துக் கரியாக்கியிருந்தது.

இன்னொருவராக இருந்தால் வால்வை மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். மாண்டும் அவருடைய உதவியாளர் கார்ல் லாங்கரும் நுண்ணிய நிக்கல் பொடியைக் கண்ணாடிக் குழாயில் வைத்துச் சூடாக்கி, அதன்மேல் கார்பன் மோனாக்சைடைச் செலுத்திப் பார்த்தார்கள். கரி மலையாகக் குவிந்தது. நச்சுவாயு அறைக்குள் பரவக் கூடாது என்பதற்காக, குழாயின் முனையில் வெளியேறும் வாயுவைக் கொளுத்தி விட்டிருந்தார்கள். ஒரு நாள் உலையை அணைத்து ஆறவிட்டபோது, சுடரின் நிறம் மாறிப் பளிச்சென்று ஒளிவிட்டது. குளிர்ந்த பீங்கானை அந்தச் சுடரில் காட்டினார்கள். அதன்மேல் உலோகம் கண்ணாடிபோல் படிந்தது. அது நிக்கல். கெட்டியான ஓர் உலோகம், கார்பன் மோனாக்சைடோடு சேர்ந்து வாயுவாகப் பறந்து வந்திருக்கிறது! 43 பாகையில் கொதிக்கும் நிக்கல் கார்பனைல் அப்படித்தான் 1890இல் உலகுக்குத் தெரியவந்தது. அதை வைத்தே நிக்கலைச் சுத்திகரிக்கும் ஆலை 1902இல் கிளைடாக் என்ற ஊரில் எழுந்தது. அது குரோவ் பிறந்த சுவான்சிக்குப் பக்கத்து ஊர்.

இதில் என்னை எப்போதும் நெகிழவைக்கும் செய்தி வேறு. அதே மாண்டும் அதே லாங்கரும் 1889இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரை குரோவின் வாயு மின்கலத்தைச் செம்மைப்படுத்துவது பற்றியது. நிலக்கரி வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்க அவர்கள் ஆசைப்பட்டார்கள். எரிபொருள் கலத்தை உழைக்கவைக்க முயன்ற அதே கைகள், அதே ஆண்டுகளில், நிக்கல்மேல் கரி படிவதையும் கண்டிருக்கின்றன. அவர்களுடைய கலத்தில் இருந்தது பிளாட்டினம். நிக்கலைக் கலத்துக்குள் அவர்கள் வைக்கவில்லை. நாம் வைத்தோம், கரியும் கூடவே வந்து சேர்ந்தது.

இனி அந்தக் கரி எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். கரி என்றதும் நமக்குப் புகைக்கரி நினைவுக்கு வரும். விளக்கெண்ணெய்த் திரி எரியும்போது மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்துப் பிடித்து, படிந்த கரியை வழித்து அம்மாக்கள் கண்மை செய்வார்கள். அந்தக் கரி சுடருக்குள்ளேயே பிறந்து, குளிர்ந்த தட்டில் வந்து ஒட்டியது. தட்டுக்கு அதில் வேலை இல்லை. பித்தளைக்குப் பதில் மண்சட்டி வைத்தாலும் மை கிடைக்கும்.

நிக்கல்மேல் படியும் கரி அந்த இனத்தைச் சேர்ந்ததே அல்ல. அது அடிப்பிடிக்கும் கரி. பாலைக் காய்ச்சும்போது அடியில் பிடிக்கிறதே, அதுபோல். பாத்திரத்தின் பரப்பு சம்பந்தப்பட்டிருக்கிறது, சூடு சம்பந்தப்பட்டிருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாகத் துழாவினோமா இல்லையா என்பது சம்பந்தப்பட்டிருக்கிறது. பால் அடிப்பிடிப்பது பாலின் குற்றமும் அல்ல, பாத்திரத்தின் குற்றமும் அல்ல. கைவிட்டதால் பிடித்தது. இன்றைய பேச்சில் நான் சொல்ல வந்தது இதுதான்.

மீத்தேன் மூலக்கூறு ஒன்று நிக்கல் பரப்பில் வந்து இறங்குகிறது. நிக்கல் அதன் ஹைட்ரஜன்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறது. கடைசியில் ஒற்றைக் கார்பன் அணு பரப்பில் தனியே நிற்கும். அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் கிடைத்தால் அதைப் பற்றிக்கொண்டு கார்பன் மோனாக்சைடாகப் போய்விடும். அதுதான் நமக்கு வேண்டிய வழி. ஆக்சிஜன் கிடைக்காமல், பக்கத்தில் இன்னொரு கார்பன் கிடைத்தால், இரண்டும் கைகோக்கும். மூன்றாவது கார்பனும் வந்து சேரும். அறுகோணம் அறுகோணமாகப் பின்னிக்கொண்டு கிராஃபைட் தாளாகப் பரவும். நிக்கலின் நெருக்கமான முகத்தில் அணுவுக்கும் அணுவுக்கும் இடைவெளி 0.249 நானோமீட்டர். கிராஃபைட் தாளில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் இடைவெளி 0.246. நூற்றுக்கு ஒரு பங்குதான் வித்தியாசம். கோலத்துக்குப் புள்ளி வைத்துக் கொடுத்ததுபோல நிக்கல் அணுக்கள் இருக்கின்றன, கார்பன் அதன்மேல் கோடு இழுத்துக்கொண்டு போகிறது.

மூன்றாவது வழிதான் என் வில்லையைத் தூளாக்கியது. கார்பன் அணு நிக்கலுக்குள்ளேயே கரைந்து போகிறது, சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோல. நிக்கலுக்குள் அதற்கு இடம் கொஞ்சம்தான். ஒரு நிக்கல் துகளின் ஒரு முகத்தில் கார்பன் நுழைந்துகொண்டே இருந்தால், நிறைந்து வழிந்து இன்னொரு முகத்தில் வெளியே வந்தாக வேண்டும். வரும்போது கிராஃபைட் இழையாக வருகிறது. வருகிற இழை, தன்னைப் பெற்ற நிக்கல் துகளையே கீழிருந்து நெம்பித் தூக்குகிறது. புளியங்கொட்டை முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்டு மண்ணைக் கீறிக்கொண்டு எழும்போது கொட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டே எழும். அச்சு அசல் அதே காட்சி. ஒவ்வொரு கரி இழையின் உச்சியிலும் ஒரு நிக்கல் துகள் உட்கார்ந்திருக்கும்.

குப்பியில் இருக்கும் கரி காந்தத்தோடு போவது இதனால்தான். அது வெறும் கரி அல்ல. கோடிக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றின் தலையிலும் என் ஆனோடிலிருந்து பிய்த்தெடுத்த நிக்கல்.

இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வுக்கூடத்தில் பேக்கரும் அவருடைய தோழர்களும் 1972இல் இந்த முளைப்பை எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் ஓடும் படமாகவே பார்த்தார்கள். அவர்கள் கொடுத்தது அசிட்டிலீன் வாயு. இழை வளரும் வேகம் சூட்டோடு எப்படி மாறுகிறது என்று அளந்தபோது, அது நிக்கலுக்குள் கார்பன் ஊர்ந்து செல்லும் வேகத்தோடு ஒத்துப்போனது. 2004இல் டென்மார்க்கில் ஹால்டர் டாப்சோ நிறுவனத்தின் ஸ்டிக் ஹெல்வெக் குழுவினர் மீத்தேனைக் கொடுத்து இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். அணு வரிசைகளே தெரியும் அளவு நெருக்கம். உருண்டையாக இருந்த நிக்கல் துகள், கரித் தாள்கள் சுற்றி வளர வளர, பிசைந்த மாவைக் கையில் உருட்டினாற்போல் நீண்டது. தாங்க முடியாத கட்டத்தில் சட்டென்று சுருங்கி மறுபடி உருண்டையானது. மறுபடி நீண்டது. கெட்டி உலோகம், உருகுநிலைக்கு எத்தனையோ பாகை கீழே, இப்படி நெளிகிறது. கரி எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதையும் அவர்கள் கண்டார்கள். நிக்கல் பரப்பு சமதளம் அல்ல, அதில் ஓர் அணு உயரப் படிக்கட்டுகள் உண்டு. அந்தப் படியின் விளிம்பில்தான் கிராஃபைட்டின் முதல் வரிசை பிடிக்கிறது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

மீத்தேனிலிருந்து மட்டும்தான் கரி வரும் என்பதில்லை. மாண்டின் வால்வில் வந்ததுபோல, கார்பன் மோனாக்சைடு இரண்டு மூலக்கூறுகளாகச் சேர்ந்தும் ஒரு கார்பனை உதிர்க்கும். பூதுவார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பெயரால் அந்த வினையைச் சொல்வார்கள். மீத்தேன் உடைவது சூட்டை வாங்கிக்கொள்ளும் வினை. சூடு ஏற ஏறக் கரி கூடும். பூதுவார் வினை சூட்டை வெளியிடுவது. சூடு குறையக் குறையக் கரி கூடும். ஆகவே, சூட்டை ஏற்றித் தப்பலாம் என்றால் மீத்தேன் பிடிக்கிறது, இறக்கித் தப்பலாம் என்றால் மோனாக்சைடு பிடிக்கிறது. கலத்தைத் தாண்டி வாயு வெளியே போகும் எஃகுக் குழாய்கள் 500, 600 பாகையில் இருக்கும். அங்கே பூதுவார் வினை, எஃகில் கலந்திருக்கும் நிக்கலையும் இரும்பையும் பிடித்துக்கொண்டு, குழாயையே உள்ளிருந்து பொடியாக்கிவிடும்.

தப்புவதற்கு உண்மையான வழி ஆக்சிஜனைக் கூட்டுவது. ஆலைகளில் ரிஃபார்மிங் என்று சொல்வார்கள், மீத்தேனோடு நீராவியைச் சேர்த்து நிக்கல்மேல் விட்டு ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் எடுக்கும் வேலை. அங்கே ஒரு பங்கு மீத்தேனுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு நீராவி சேர்ப்பது வழக்கம். என் கலத்துக்குப் போன மீத்தேன் அறைச்சூட்டில் இருந்த தண்ணீரில் குமிழியிட்டுப் போனது என்றேன் அல்லவா? 25 பாகைத் தண்ணீர் தரும் ஈரம் நூற்றுக்கு மூன்று பங்குதான். மூன்று பங்கு நீராவிக்குத் தொண்ணூற்றேழு பங்கு மீத்தேன். மீதி ஆக்சிஜன் எங்கிருந்து வரவேண்டும்? சிர்க்கோனியாவின் வழியாகத்தான். கலத்திலிருந்து மின்னோட்டம் எடுக்க எடுக்க, அதே கணக்கில் ஆக்சிஜன் அயனிகள் எரிபொருள் பக்கம் வந்து சேரும். மின்னோட்டத்தை நிறுத்தினால் ஆக்சிஜனும் நிற்கும்.

அந்த இரவில் நடந்தது அதுதான். மின்னோட்டமே கலத்துக்குத் துழாவும் கரண்டி. கரண்டி நின்றது, பால் அடிப்பிடித்தது. மின்னழுத்தம் மட்டும் ஏன் நன்றாகக் காட்டியது? மீத்தேன் உடைந்தால் கரியோடு ஹைட்ரஜனும் வருகிறது. ஆனோடில் ஹைட்ரஜன் இருந்தால் மின்னழுத்தமானி நிறைவாகவே காட்டும். உள்ளே கரி சேர்வது அதற்குத் தெரியாது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டர் மீத்தேன் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் நூற்றில் ஒரு பங்குதான் கரியாகிறது. நிமிடத்துக்குக் கால் மில்லிகிராம். கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் ஒரு நாளில் அது 350 மில்லிகிராம். வில்லையின் துளைகள் நிறைந்து வெடிப்பதற்கு ஏராளம். இதே கரியை உடனுக்குடன் மோனாக்சைடாக மாற்றி அனுப்ப எவ்வளவு மின்னோட்டம் வேண்டும்? 0.07 ஆம்பியர் போதும். ஒரு கைபேசி மின்னேற்றி கொடுப்பதைவிடப் பல மடங்கு குறைவு.

அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்ததா? தீரவில்லை. அயனியாக வரும் ஆக்சிஜன் சிர்க்கோனியாவை ஒட்டிய பத்து மைக்ரோமீட்டர் அளவு ஓரத்திலேயே வேலையை முடித்துக்கொள்கிறது. ஆனோடின் தடிப்பு அரை மில்லிமீட்டர் இருக்கலாம், ஐம்பது மடங்கு. மீத்தேன் வந்து முட்டுவது மறுபக்க ஓரத்தில். ஆக்சிஜன் வீட்டின் பின்கட்டில் வந்து இறங்குகிறது, கரி வாசலில் குவிகிறது. பின்கட்டில் உண்டான நீராவி துளைகள் வழியாக ஊர்ந்து வாசலுக்கு வந்தால்தான் அந்தக் கரி போகும். துளைகள் எவ்வளவு பெரியவை, ஒன்றோடொன்று எப்படி இணைந்திருக்கின்றன என்பதில் கலத்தின் ஆயுள் அடங்கியிருக்கிறது. ஆக்சிஜன் எவ்வளவு வருகிறது என்று கேட்டால் மட்டும் போதாது, கார்பன் நிற்கும் இடத்துக்கு எட்டுகிறதா என்று கேட்க வேண்டும்.

இதையெல்லாம் நேரில் பார்ப்பது எப்படி? நான் செய்ததுபோல் ஆறவிட்டுத் திறந்து பார்த்தால் பிணப் பரிசோதனைதான் நடக்கும். ஆறும் வழியில் கரியின் குணமும் மாறிவிடும். ஓடுகிற கலத்தை, ஓடும் சூட்டிலேயே பார்க்க வேண்டும். அதற்கு உதவிய ஒளி நம் மண்ணில் பிறந்தவர்கள் கண்டது. திருச்சியில் பிறந்த சி. வி. ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும், 1928 பிப்ரவரியில் கொல்கத்தா பவுபஜார் தெருவின் ஆய்வுக்கூடத்தில் சூரிய ஒளியையும் வண்ண வடிகட்டிகளையும் தங்கள் கண்களையும் மட்டும் வைத்துக்கொண்டு கண்டதைத்தான் சொல்கிறேன். ஒரு பொருள்மேல் ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வரும். எவ்வளவு மாறியது என்பது அந்தப் பொருளின் அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்பதைச் சொல்லும்.

கரிக்கு இந்த ஒளியில் இரண்டு கையெழுத்துகள். அறுகோணங்கள் ஒழுங்காக அடுக்கிய கிராஃபைட், சென்டிமீட்டருக்கு 1580 அலைகள் என்ற இடத்தில் ஒரு முகடு காட்டும். ஒழுங்கு குலைந்த கரி, 1350 பக்கத்திலும் ஒரு முகடு காட்டும். உலையில் படிகக்கண்ணாடிச் சாளரம் வைத்து, லேசர் ஒளியை நேராக ஆனோடின்மேல் செலுத்தி, இரண்டு முகடுகளையும் பார்த்துக்கொண்டே மீத்தேனைத் திறந்து விடலாம். 700 பாகையில் எல்லாமே சிவந்து ஒளிரும். அந்தச் சிவப்பில் நம் சமிக்ஞை மூழ்காமல் இருக்க, பச்சை அல்லது நீல லேசர் எடுப்பார்கள். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் ஓவ்ருட்ஸ்கியும், மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் வாக்கரும், ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் மெய்லின் லியுவின் குழுவும் இந்த வழியில் நிறைய வேலை செய்தார்கள். மின்னோட்டம் இல்லாதபோது முகடு எழுவதையும், மின்னோட்டம் எடுத்ததும் அது தாழ்வதையும் திரையில் பார்க்கலாம். முதல் முறை அதைப் பார்த்தபோது, என் வில்லை அந்த இரவில் அனுபவித்தது என் கண்முன் நடப்பதுபோல் இருந்தது.

மருந்து என்ன? சிலர் நிக்கலையே வேண்டாம் என்றார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கோர்ட்டும் வோஸும் 2000இல் தாமிரத்தையும் சீரியம் ஆக்சைடையும் வைத்து ஓர் ஆனோடு செய்தார்கள். தாமிரத்துக்கு ஹைட்ரஜனைக் கழற்றும் திறமை இல்லை, ஆகவே கரியும் பிடிக்காது. அருமையான வேலை, நான் மிகவும் மதிக்கும் வேலை. ஆனால் தாமிரம் 1085 பாகையில் உருகுவது. 800 பாகையைத் தாண்டினாலே துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டுவிடும். தவிர, மீத்தேனை உடைக்கும் வேலையை யாராவது செய்துதானே ஆக வேண்டும்? அடிப்பிடிக்கிறது என்று அடுப்பையே அணைப்பதுபோல் எனக்கு அது படுகிறது.

டென்மார்க்கில் வேறு வழியில் போனார்கள். படியின் விளிம்பில்தான் கரி தொடங்குகிறது என்றேன் அல்லவா? தங்கம் நிக்கலோடு உள்ளே கலக்காது, பரப்பில் மட்டும் கலக்கும். கொஞ்சம் தங்கத்தைச் சேர்த்து, கரி பிடிப்பதற்கு முன்னமேயே அதன் இடங்களைக் கெடுத்து வைப்பது என்று பெசன்பாக்கர், நார்ஸ்கோவ் குழுவினர் 1998இல் செய்து காட்டினார்கள். தங்கத்துக்குப் பதில் ஈயத்தின் உறவான வெள்ளீயத்தை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நிக்கோலா, ஷ்வாங்க், லினிக் மூவரும் சேர்த்தார்கள். வெள்ளீயம் இருக்கும் இடத்தில் கார்பன் இன்னொரு கார்பனைத் தேடுவதைவிட ஆக்சிஜனைத் தேடுவதே சுலபம் என்று கணக்கிலும் சோதனையிலும் காட்டினார்கள். கந்தகமும் இந்த வேலையைச் செய்யும், மிகக் கொஞ்சமாக இருந்தால். கொஞ்சம் கூடினால் நிக்கலையே முடக்கிவிடும்.

என் மனம் மிகவும் ஒப்புவது 2011இல் லியு குழு செய்தது. நிக்கல்மேல் பேரியம் ஆக்சைடைச் சிறுசிறு தீவுகளாக வளர்த்தார்கள். பேரியம் ஆக்சைடு தண்ணீர்ப் பிரியம் உள்ளது. வாயுவில் வரும் அந்த மூன்று பங்கு ஈரத்தைப் பிடித்து உடைத்து, நிக்கலின் எல்லையில் நிற்கும் கார்பனுக்கு ஆக்சிஜனைக் கையில் கொடுக்கிறது. கார்பன் மோனாக்சைடாகக் கிளம்பிவிடுகிறது. நிக்கல் நிக்கலாகவே இருக்கிறது, அதன் வேலையை அது செய்கிறது. மின்னோட்டம் தடுமாறும்போதும் துழாவுவதற்குப் பாத்திரத்துக்குள்ளேயே ஒரு கரண்டியை வைத்துவிட்டார்கள்.

படிந்த கரியைக் காற்றைவிட்டு எரித்துவிடலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். கரி எரியும். கூடவே நிக்கலும் நிக்கல் ஆக்சைடாகி, கன அளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பருத்து, சிர்க்கோனியாவைப் பிளந்துவிடும். நீராவியை விட்டு மெல்ல மெல்லத்தான் எடுக்க வேண்டும்.

கடைசியாக நம் பக்கத்துச் செய்தி ஒன்று. சேலம் வட்டாரத்துச் சவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கழிவுநீரை மூடிய தொட்டியில் நொதிக்கவிட்டு எரிவாயு எடுக்கிறார்கள். பெரும்பாலும் இயந்திரத்தில் எரித்து மின்சாரமாக்குகிறார்கள். இப்படிப்பட்ட வாயுவில், ஏறத்தாழ, நூற்றுக்கு அறுபது பங்கு மீத்தேனும் நாற்பது பங்கு கார்பன் டையாக்சைடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கந்தகத்தை முதலில் நீக்கியாக வேண்டும். பிறகு ஆக்சிஜன் கணக்கு. டையாக்சைடிலிருந்து எண்பது அணு ஆக்சிஜன் கிடைக்கிறது, கார்பனோ நூறு. ஒன்றுக்கு ஒன்றுகூட இல்லை. இதை அப்படியே நிக்கல்மேல் விட்டால் அடிப்பிடிக்கும். ஆனால் அறுபது பங்கு மீத்தேன் கலத்தில் முழுதும் எரிந்தால் நூற்றிருபது பங்கு நீராவி வெளியே போகிறது. நமக்கு வேண்டிய தண்ணீர் முழுவதும் கலத்தின் மூச்சுக்காற்றிலேயே இருக்கிறது. அதில் ஒரு பகுதியைச் சூடாகவே திருப்பி உள்ளே கொண்டுவந்தால் கணக்கு நேராகிவிடும். பெரிய கலங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.

தொல்லை எல்லாம் காலையில் கலத்தைக் கிளப்பும் முதல் ஒரு மணி நேரத்திலும், மின்சாரம் போய் வருகிற அந்த ஒரு நொடியிலும்தான். அப்போது திருப்பிக் கொண்டுவர மூச்சுக்காற்று இருக்காது. அந்த நேரத்துக்குத் தனியே ஒரு சின்னக் கொதிகலன் வைப்பதா, கொஞ்சம் காற்றைக் கலப்பதா, பேரியம் தீவுகளை நம்புவதா என்று நானும் என் மாணவர்களும் இப்போது ஒவ்வொன்றாகச் சோதித்து வருகிறோம். மின்சாரம் போனால், வாயுவைத் தானே மூடும் ஒரு வால்வை என் உலையில் பொருத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன.

குப்பியையும் காந்தத்தையும் முன்வரிசையில் தருகிறேன். மெதுவாகக் கை மாற்றிப் பின்வரிசை வரைக்கும் அனுப்புங்கள். மூடியைத் திறக்க வேண்டாம், பொடி மிக நுண்ணியது, மூச்சில் ஏறிவிடும். வெளியிலிருந்தே காந்தத்தை நகர்த்திப் பாருங்கள்.